பனிமலை வாசலில் தைகான்

குளிர் என்றால் எம்மவருக்கு நுவரெலியாதான். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்கே அதிகாலையில் புல்லின் மேல் வெண்பனி உறைந்து கிடந்தால் அது மறுநாள் பத்திரிகையில் படத்தோடு வந்துவிடும். தேயிலைக் கொழுந்து கருகிவிட்டதென்று தோட்டத்தில் கவலைப்படுவார்கள். கொழும்பிலிருந்து போனவர்கள் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு, இஞ்சித் தேத்தண்ணி கேட்பார்கள். வெப்பமானி பூச்சியத்தைத் தொட்டதற்கே இத்தனை ஆர்ப்பாட்டம்! அந்தப் பூச்சியத்துக்குக் கீழே இன்னும் முப்பது பாகை இறங்கினால் எப்படியிருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே. அப்படியான குளிரில், எம்மைப் போலவே ஐவேளை பாங்கு கேட்கும் ஊர்களில், எம்மைப் போலவே பிஸ்மி சொல்லி அடுப்பு மூட்டும் பெண்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய வாசலில் ஒரு நாயும் இருக்கிறது. அந்த நாயைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப் போகிறேன்.

"நாயைப் பற்றியா? எங்கள் சஞ்சிகையிலா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். கடைசிவரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாம் போகும் நாடு கிர்கிஸ்தான். மத்திய ஆசியாவில், சீனாவுக்கு மேற்கே, கசாகஸ்தானுக்குத் தெற்கே இருக்கும் நாடு. 1991 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆம் திகதி சோவியத் யூனியனிலிருந்து பிரிந்து சுதந்திரம் பெற்றது. நாட்டின் பெரும் பகுதி தியான்ஷான் மலைத்தொடர்தான். சமதரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தலைநகர் பிஷ்கெக்கில் 2018 இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசலுக்கு இமாம் ஸரக்ஸீ அவர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஹனபி மத்ஹபின் பேரறிஞர் அவர். அந்தப் பெயரே இந்த மக்கள் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடும். இந்த விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிஷ்கெக்கிலிருந்து தெற்கே நாரின் என்ற ஊருக்குப் போகும் பாதை முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் நீளும். பூம் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கினூடாக ஏறி, கொச்கோர் என்ற சிற்றூரைக் கடந்து, 3,030 மீற்றர் உயரத்திலுள்ள டொலோன் கணவாயைத் தாண்ட வேண்டும். எமது பீதுருதாலகால மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். அதற்கு மேலே இன்னும் அரைக் கிலோமீற்றர் உயரத்தில் பஸ் ஓடுகிறது! மாரியில் பாதையின் இருபுறமும் பனி மதில் போல் நிற்கும். கணவாயிலிருந்து இறங்கினால், ஆற்றோரமாக நீண்டு கிடக்கும் நாரின் நகரம் தெரியும். அதற்கும் தெற்கே அட்பாஷி பள்ளத்தாக்கு. "குதிரையின் தலை" என்பது அந்தப் பெயரின் பொருள். இன்னும் அப்பால், சீன எல்லையை அண்டிய அக்சாய் சமவெளி. அங்கே பாதரசம் பூச்சியத்துக்குக் கீழ் ஐம்பது பாகைக்கும் கீழே போனதாகப் பதிவுண்டு.

இந்த மலைகளின் வேட்டை நாய்தான் தைகான். உயர்ந்து மெலிந்த உடம்பு, ஒடுங்கிய நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு. காதுகளிலும் தொடைகளிலும் விரல்களுக்கிடையிலும் பட்டுப்போல் நீண்ட மயிர். மோப்பம் பிடித்து மெல்லப் போகும் ஜாதியல்ல இது. கண்ணால் கண்டதும் பாய்ந்து துரத்தும் ஜாதி. உயர்ந்த மலையில் காற்று அடர்த்தி குறைவு. ஏறிப் போகும் எமக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்தக் காற்றில் இந்த நாய் செங்குத்துச் சரிவில் நரியை விரட்டும், ஓநாயை மடக்கும், மலையாட்டைப் பாறை விளிம்பில் வேடன் வரும்வரை நிறுத்தி வைக்கும். கிர்கிஸ் மக்களின் மனாஸ் காவியத்தில் வரும் வீரன் மனாஸுக்கும் குமாயிக் என்றொரு வேட்டை நாய் உண்டு. மலைக் கழுகின் முட்டையிலிருந்து பிறந்த நாய் என்று அதைப் பற்றிக் கதை சொல்வார்கள். பக்கத்து நாட்டுக் கசாக் மக்கள் தமது ஏழு செல்வங்களை எண்ணும்போது வேகக் குதிரை, வேட்டைக் கழுகு ஆகியவற்றோடு டஸி என்ற வேட்டை நாயையும் சேர்த்து எண்ணுவார்கள். டஸி தைகானுக்குச் சகோதர இனம்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். வேட்டைக்குச் சிறந்த காலம் மாரிதான். பனி விழுந்தால் நரியின் காலடி அச்சுப்போல் பதியும். அதன் தோலும் குளிருக்காக அடர்ந்து நிற்கும். ஆகவே நாய் வீட்டில் சுருண்டு கிடக்க வேண்டிய காலத்தில்தான் அது மலையில் ஓட வேண்டியிருக்கிறது. ஓடுவதற்காகவே மெலிந்த உடம்பு அது. தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. ஓடும்போது பிரச்சினை இல்லை, தசையே அடுப்பாக எரியும். ஓட்டம் நின்ற பிறகுதான் ஆபத்து. வாய் திறந்து இளைத்து, வயிறும் கால்களும் பனியில் நனைந்து, களைத்து நிற்கும் நாய், காற்று வீசும் மேட்டில் அரைமணி நேரம் நின்றால் போதும், உள்ளிருந்த சூடெல்லாம் வெளியேறிவிடும்.

நாயின் உடற்சூடு எம்முடையதை விடக் கூடுதல். சாதாரணமாக 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அது குறையத் தொடங்கும்போது முதலில் நடுக்கம் வரும். நடுக்கம் நல்லது, உடம்பு இன்னும் போராடுகிறது என்று பொருள். நடுக்கம் நின்று, நாய் தள்ளாடி, கூப்பிட்டாலும் திரும்பாமல், எங்கேயாவது சுருண்டு படுக்கப் பார்த்தால்தான் பயப்பட வேண்டும். "களைத்துத் தூங்குகிறது" என்று விட்டால் காலையில் எழும்பாது. அனுபவமுள்ள வேடர்கள் இதை அறிவார்கள். அறியாத இளைஞர்கள் வீட்டில், நாயின் நடையில் வித்தியாசம் இருப்பதை வாசலிலேயே கண்டுகொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதைத் தொட்டுப் பார்க்காமலே அறியும் கண்ணல்லவா!

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காவது வசனம், பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணி தன் எஜமானுக்காகப் பிடித்ததை அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ண அனுமதிக்கிறது. நாயைப் பயிற்றும் அறிவையும் அல்லாஹ் கற்றுத் தந்த அறிவென்றே அந்த வசனம் குறிப்பிடுவதைக் கவனியுங்கள். அதீ இப்னு ஹாதிம் (ரழி) அவர்கள் இதுபற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, பிஸ்மி சொல்லி ஏவிய பயிற்சி பெற்ற நாய் பிடித்ததை உண்ணலாம் என்றும், நாய் அதில் தின்றிருந்தால் அது தனக்காகப் பிடித்தது, எனவே உண்ண வேண்டாம் என்றும் விளக்கினார்கள். இந்த ஹதீஸைத் தமது தொகுப்பில் பதிந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் எந்த ஊர்? கிர்கிஸ்தானின் அயல்நாடான இன்றைய உஸ்பெகிஸ்தானின் புகாரா! 870 ஆம் ஆண்டு ஸமர்கந்துக்கு அருகில் வபாத்தானார்கள். வேட்டைப் பருந்தும் வேட்டை நாயும் அன்றாடக் காட்சியாக இருந்த ஒரு நிலத்தில் பிறந்தவர்கள் அவர்கள்.

வேட்டை, மந்தை, பயிர் ஆகியவற்றின் காவலுக்கல்லாமல் வீணாக நாய் வளர்ப்பவரின் நன்மை நாளாந்தம் குறையும் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் உண்டு. அதை நாம் நன்றாகவே மனனம் செய்து வைத்திருக்கிறோம். ஆனால் கிணற்றடியில் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குத் தன் தோற்காலுறையில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸை எத்தனை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? "பிராணிகள் விடயத்திலும் எமக்குக் கூலி உண்டா?" என்று ஸஹாபாக்கள் கேட்க, உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்றல்லவா பதில் வந்தது! "நாய் நஜீஸ்தானே" என்று சொல்லிக்கொண்டு அதன்மேல் கல்லெறியும் பையனைப் பார்த்துச் சிரிக்கும் பெரியவர்களை எமது தெருக்களில் நானும் நீங்களும் கண்டிருக்கிறோம். நஜீஸ் என்பது கழுவும் சட்டம். கல்லெறிய அது அனுமதிப் பத்திரமல்ல.

இப்போது ஹனபி மத்ஹபுக்கு வருவோம். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எமக்கு நாயின் உமிழ்நீரும் ஈர உடம்பும் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். ஹனபி மத்ஹபில் உமிழ்நீர் நஜீஸ். அது பட்ட பாத்திரத்தை மூன்று முறை கழுவினால் போதும். நாயின் உடம்பை அவர்கள் நஜீஸாகக் கொள்வதில்லை. (உலர்ந்த உடம்பு உலர்ந்த துணியில் பட்டால் நஜீஸ் ஒட்டாது என்பது எமது மத்ஹபிலும் உள்ளதுதான். பலர் இதை அறியாமல், நாய் பக்கத்தால் போனதற்கே உடுப்பை மாற்றுகிறார்கள்.) இந்தச் சிறு வித்தியாசம் பனிமலை வாழ்க்கையில் எவ்வளவு பெரிய வசதி என்பது அங்கே போனால்தான் விளங்கும். பூச்சியத்துக்குக் கீழ் முப்பது பாகையில் ஆறு கல்லாகிவிட்டது, மண்ணும் கல்லாகிவிட்டது. ஒரு வாளித் தண்ணீருக்குப் பனிக்கட்டியை வெட்டி அடுப்பில் உருக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண் நாய்க்கென்று தனிப் பாத்திரம், தனிப் படுக்கை, வாசலோரம் தனி மூலை என்று வகுத்துவிட்டால், தொழும் இடமும் சுத்தம், நாயும் பத்திரம்.

கிர்கிஸ் கூடாரத்தை நீங்கள் படங்களில் கண்டிருப்பீர்கள். மரச் சட்டத்தின் மேல் தடித்த கம்பளிப் பாய் போர்த்திய வட்ட வீடு. உள்ளே நுழைந்தால் வலப்பக்கம் பெண்களுக்கு. சமையல் சாமான், தயிர், மாவு எல்லாம் அங்கே. இடப்பக்கம் ஆண்களுக்கு. சேணம், சாட்டை, வேட்டைச் சாமான்கள் அங்கே. வாசலுக்கு நேரெதிரே விருந்தாளியின் இடம். இந்த ஒழுங்கு கண்டிப்பானது. மந்தை காக்கும் பெரிய நாய்கள் வெளியேதான் படுக்கும், அவற்றின் தடித்த மயிர் அதற்குப் போதும். வேட்டை நாய்க்கு மட்டும் கசாக் மக்களிடமும் கிர்கிஸ் மக்களிடமும் பழங்காலந்தொட்டு ஒரு சலுகை உண்டு. கடுங்குளிரில் அதை உள்ளே எடுப்பார்கள். குகைவாசிகளின் நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததாக ஸூரத்துல் கஹ்ப் சொல்லும் காட்சி அப்போது ஞாபகத்துக்கு வராமலிருக்குமா?

இப்போது மாரியில் பெரும்பாலானோர் கிராமங்களில் மண், செங்கல் வீடுகளில்தான் இருக்கிறார்கள், கூடாரம் கோடைக்கால மேய்ச்சல் நிலத்துக்கு. வீட்டுக்கு வெளியே நாய்க்கூடு வைப்பவர்கள் கடைப்பிடிக்கும் முறைகளில் எமக்கு வியப்பான சில உண்டு. கூடு விசாலமாக இருக்கக் கூடாது! நாய் எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுதான். பெரிய கூடென்றால் அதன் உடற்சூடு அந்த வெற்றிடத்தைச் சூடாக்கவே போதாது. தரை நிலத்தைத் தொடாமல் கட்டையின் மேல் நிற்க வேண்டும். வாசல் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம், அதிலும் ஒரு தடித்த திரை. உள்ளே வைக்கோல். பழைய துணியோ போர்வையோ போட்டால் நாயின் மூச்சும் பனியும் சேர்ந்து அது நனைந்து, பிறகு உறைந்து பலகையாகிவிடும். வைக்கோல் ஈரத்தைப் பிடித்து வைப்பதில்லை. நாய் அதைக் கிளறிப் பள்ளமாக்கித் தன்னைப் புதைத்துக்கொள்ளும். ஈரமானால் மாற்றிவிடலாம். இரவில் சங்கிலியில் கட்டுவதென்றால் கூட்டுக்குள் போய்வரும் அளவுக்கு நீளம் இருக்க வேண்டும். சங்கிலி பனியில் சிக்கி, கூட்டின் வாசலுக்கு ஒரு முழம் முன்னால் நாய் உறைந்துபோவதை விடக் கொடுமை உண்டா?

அடுத்தது போர்வை. இதில்தான் பெண்களின் கைவண்ணம். கொச்கோரைச் சுற்றியுள்ள ஊர்கள் கம்பளிப் பாய் வேலைக்குப் பேர்போனவை. ஆட்டு மயிரை அடித்துச் சுத்தமாக்கி, நாணற் பாயில் அடுக்கடுக்காகப் பரப்பி, கொதிநீர் தெளித்து, பாயோடு சேர்த்துச் சுருட்டி, கயிறு கட்டி, பல பெண்கள் சேர்ந்து உருட்டியும் மிதித்தும் முழங்கையால் அமுக்கியும் இறுக்குவார்கள். தறியுமில்லை, நூலுமில்லை. மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தடித்த துணியாகிவிடும். ஷிர்டாக், அலாகிய்ஸ் என்ற இரண்டு வகைக் கம்பளங்களை 2012 இல் யுனெஸ்கோ அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கடையில் வாங்கும் மலிவுக் கம்பளம் வந்ததும், இளம் பெண்கள் நகரத்துக்குப் போனதும் அந்த அவசரத்துக்குக் காரணங்கள். எமது பாய் பின்னும் பெண்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

பெரிய கம்பளம் போக மிஞ்சும் துண்டில் நாய்க்குச் சட்டை வெட்டலாம். முதுகை மூடி, மார்பின் முன்னால் ஒரு கட்டு, வயிற்றின் கீழ் ஒரு கட்டு. கம்பளி மயிருக்கிடையே காற்று சிறைப்பட்டு நிற்பதால் சூடு வெளியே போவதில்லை. சிறிது ஈரத்தை உறிஞ்சினாலும் குளிராகத் தெரியாது. ஆனால் ஓடும்போது நாய்க்குச் சட்டை இல்லை, புதரில் மாட்டும், சூடும் ஏறும். வேட்டைத் தலத்துக்குக் குதிரையோடு நடக்கும்போதும், ஓட்டம் முடிந்து காத்து நிற்கும்போதும்தான் அது தேவை. உடனே போர்த்துவது முக்கியம். அதற்கும் முன்னால் வயிற்றிலும் கால்களிலும் ஒட்டிய பனியைத் துடைத்து உலர்த்த வேண்டும். குளிரை விடக் கொடியது ஈரம். மழையில் நனைந்து வந்த பிள்ளையின் தலையை முதலில் துவட்டிவிட்டுத்தானே நீங்களும் மற்றதைப் பார்ப்பீர்கள்?

கால்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பனியில் வெறுங்காலோடு நிற்கும் நாயின் பாதம் ஏன் உறைவதில்லை? பாதத்துக்குச் சூடான இரத்தத்தைக் கொண்டுபோகும் நாளமும், குளிர்ந்த இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளமும் ஒன்றையொன்று ஒட்டியே செல்கின்றன. போகும் இரத்தம் தன் சூட்டை வரும் இரத்தத்துக்குக் கைமாற்றிவிடுகிறது. உடம்பின் சூடு வீணாகாது, பாதமும் உறையாத அளவு வெதுவெதுப்பில் நிற்கும். ஸுப்ஹானல்லாஹ்! எந்தத் தையற்காரன் தைத்த சப்பாத்து இது?

ஆனால் தைகானின் விரல்களுக்கிடையில் இருக்கும் நீண்ட மயிரில் பனி ஒட்டி, உருகி, மீண்டும் உறைந்து கூழாங்கல் போல் உருண்டைகளாகிவிடும். ஒவ்வோர் அடியும் கல்லின்மேல் வைப்பதுபோல் வலிக்கும், தோல் வெடிக்கும். பாதத்துக்கு அடியிலுள்ள மயிரை அளவாகக் கத்தரித்து, கொழுப்பைப் பூசி அனுப்புவது குளிர் நாடுகள் பலவற்றில் வேடர்களின் வழக்கம். வழியில் நாய் நின்று பாதத்தைக் கடித்தால் உடனே இறங்கிப் பார்த்து உருண்டைகளை விரலால் எடுத்துவிட வேண்டும். காது நுனி, வால் நுனி, வயிற்றின் மயிரில்லாத பகுதி ஆகியவைதான் முதலில் உறையும். அந்த இடம் வெளிறி, கல்போலக் குளிர்ந்திருக்கும். பனியை வைத்துத் தேய்ப்பது பல நாடுகளில் இருந்த பழைய பழக்கம், அது தவறு. உறைந்த தசை தேய்க்கத் தேய்க்கச் சிதையும். நெருப்பருகே பிடிப்பதும் கூடாது, உணர்ச்சியற்ற இடம் வெந்தாலும் நாய்க்குத் தெரியாது. கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் மெதுவாக இளகவிட்டு, ஒற்றி உலர்த்தி, மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சாப்பாடு? கோடையில் கொடுத்த அளவு மாரியில் போதாது. சூட்டைப் பிறப்பிக்கவே உடம்பு கூடுதலாக எரிக்கிறது. மாவுக் கூழில் எலும்புச் சாறும் ஆட்டுக் கொழுப்பும் சேர்த்து இளஞ்சூட்டில் ஊற்றினால் இரவைக் கடக்கும். வேட்டைக்குப் போகும் முன் வயிறு நிறையக் கொடுப்பதில்லை, திரும்பி வந்து இளைப்பு அடங்கிய பிறகுதான் பெரிய சாப்பாடு. தண்ணீரைப் பலர் மறந்துவிடுவார்கள். "சுற்றிலும் பனிதானே, தின்னட்டும்" என்று எண்ணுவார்கள். பனியை வயிற்றில் உருக்கவும் உடற்சூடுதான் செலவாகிறது. ஆகவே நாளுக்குச் சில தடவை இளஞ்சூட்டு நீர், அதுவும் உலோகப் பாத்திரத்தில் அல்ல. உறைந்த உலோகத்தில் ஈர நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையெல்லாம் யார் தலையில் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. வேட்டையின் புகழ் ஆணுக்கு, கூழ் காய்ச்சும் வேலை பெண்ணுக்கு. எந்த நாட்டிலும் இப்படித்தான் போலும்.

பிஷ்கெக் போன்ற நகரங்களில் வளரும் நாய்களுக்கு வேறோர் ஆபத்து. மோட்டார் வண்டியின் நீர் உறையாமலிருக்க ஊற்றும் திரவம் நிலத்தில் சிந்தினால், அது இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். பிள்ளைகளுக்கும் அது நஞ்சுதான்.

சோவியத் காலத்தில் நாடோடி வாழ்க்கையைக் கைவிட வைத்து மக்களைக் கூட்டுப் பண்ணைகளில் குடியேற்றியபோது தைகானின் தேவையும் குறைந்தது, எண்ணிக்கையும் குறைந்தது. நல்ல கலப்பில்லாத நாய்கள் ஒதுக்கமான மலைக் கிராமங்களில்தான் எஞ்சின. சுதந்திரத்தின் பின் ஆர்வம் திரும்பியது. இஸ்ஸிக்குல் ஏரிக்கரையில் 2014, 2016, 2018 ஆம் ஆண்டுகளில் நடந்த உலக நாடோடி விளையாட்டுகளில் கழுகு வேட்டையோடு தைகான் ஓட்டமும் இடம்பெற்றது. கசாகஸ்தான் 2023 இல் தன் டஸி நாயையும் டொபெட் என்ற மந்தை நாயையும் பாதுகாக்கத் தனிச் சட்டமே இயற்றியது. விழா மைதானத்தில் ஓடுவது வேறு, பனி மலையில் ஒரு மாரியைக் கடப்பது வேறு என்பதே என் எண்ணம். பரிசுக்காக வாங்கி, குளிரில் பராமரிக்கத் தெரியாத வீட்டில் விட்டால் இனம் எப்படிப் பெருகும்?

மார்ச் 21 இல் நூரூஸ் பண்டிகை வரும்போதும் நாரினில் பனி இருக்கும். ஆனால் பகலில் கூரையிலிருந்து சொட்டத் தொடங்கிவிடும். அப்போது தைகானின் உள்மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். வீட்டுப் பெண் கூட்டிலிருந்த பழைய வைக்கோலை வாரி வெளியே போடுவாள். நாயின் கம்பளிச் சட்டையைத் தடியால் அடித்துத் தூசி போக்கி, கழுவி, வேலியில் வெயிலுக்கு விரிப்பாள். மேய்ச்சல் நிலத்துக்குப் போக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.